இரண்டாவது விடையை அடிப்பதற்கு முன்னால்

சின்னாளப்பட்டியில் என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளின் கணக்கு நோட்டைப் புரட்டினால் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: ‘நேரம் குறை எண்ணாக இருக்க முடியாது, எனவே இவ்விடை தள்ளுபடி.’ அந்த விடையின் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடும் இருக்கும். இருபடிச் சமன்பாடு என்றால் இரண்டு விடை வரும், ஒன்றுக்குக் கட்டம் கட்ட வேண்டும், மற்றதை அடிக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பழகிவிட்டது. “டீச்சர், மைனஸ் ரெண்டு வந்திருச்சு, அடிச்சிரவா?” என்று கேட்பார்கள். “அடிக்கலாம்டா. அது என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு அடி” என்பேன்.

பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடு கணக்குப் புத்தகத்தில் வருகிறது. எறிபொருளின் இயக்கம் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் வருகிறது. நடுவில் ஒரு வருடம் ஓடிவிடுகிறது. ஆசிரியரும் மாறிவிடுகிறார், நோட்டும் மாறிவிடுகிறது. பத்து முடித்துக் காமர்ஸ் எடுத்த பிள்ளையும், படிப்பை நிறுத்தித் தறியில் உட்கார்ந்த பிள்ளையும் இந்த இரண்டும் ஒன்று சேர்வதைப் பார்த்ததே இல்லை. அவர்களையும் அவர்களைப் பெற்றவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். பேனாவும் ஒரு தாளும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஒரு மாமரத்திலிருந்து தொடங்கலாம். சிறுமலை அடிவாரத்தில் தோப்புகளுக்கா பஞ்சம்? தலைக்கு நேர் மேலே, கையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் ஒரு மாங்காய் தொங்குகிறது. விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஒரு கல்லைச் செங்குத்தாக விட்டெறிகிறோம். அந்தக் கல் எத்தனையாவது விநாடியில் மாங்காய் இருக்கும் உயரத்துக்கு வரும்?

பூமி மட்டும் இழுக்காவிட்டால் கணக்கு எளிது: ஒரு விநாடியில் 15 மீட்டர், இரண்டு விநாடியில் 30 மீட்டர் என்று கல் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் பூமி இழுக்கிறது. கையிலிருந்து நழுவவிட்ட எந்தப் பொருளும் முதல் விநாடியின் முடிவில் சுமார் 5 மீட்டர் விழுந்திருக்கும். இரண்டு விநாடியில் 20, மூன்று விநாடியில் 45. ஐந்தை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இந்த எண்கள் வரும். (துல்லியமாகச் சொன்னால் 4.9. புவியீர்ப்பு முடுக்கம் 9.8; அதில் பாதி. மனக்கணக்காகப் போட வசதியாக 10 என்றும் 5 என்றும் வைத்துக்கொள்வோம்.) மேலே எறிந்த கல்லுக்கும் இந்த விழுதல் உண்டு. போகவேண்டிய உயரத்திலிருந்து விழுந்த தூரத்தைக் கழித்தால் கல் நிற்கும் இடம் கிடைக்கும்.

நேரத்தை ‘நே’ என்று குறித்தால், 15நே − 5நே² = 10. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து ஐந்தால் வகுத்தால் நே² − 3நே + 2 = 0. காரணிப்படுத்தினால் (நே − 1)(நே − 2) = 0. விடை 1 விநாடி, 2 விநாடி.

இரண்டில் எதை அடிப்பது? இரண்டும் மிகை எண். எதையும் அடிக்க முடியாது, அடிக்கவும் கூடாது. முதல் விநாடியில் கல் மேலே போகும் வழியில் அந்த உயரத்தைக் கடக்கிறது. இரண்டாவது விநாடியில் கீழே இறங்கும் வழியில் அதே உயரத்தை மறுபடி கடக்கிறது. ஏறும்போது குறி தப்பினாலும் இறங்கும்போது மாங்காயில் பட ஒரு வாய்ப்பு இருக்கிறது. நாம் கேட்டது ஒரு கேள்வி. சமன்பாடு கல்லின் முழுப் பயணத்தையும் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறது.

மாங்காய் கொஞ்சம் உயரத்தில், 11.25 மீட்டரில் இருந்தால்? நே² − 3நே + 2.25 = 0. இதற்கு 1.5 என்ற ஒரே விடைதான். கல் அந்த உயரத்தைத் தொட்டு, ஒரு கணம் நின்று, திரும்புகிறது. போகிற வழியும் வருகிற வழியும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. மாங்காய் 12 மீட்டரில் இருந்தால் நே² − 3நே + 2.4 = 0. பிள்ளைகள் ‘பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி’ என்று ஒப்பிக்கும் தன்மைக்காட்டியைப் போட்டுப் பாருங்கள்: 9 − 9.6, அதாவது −0.6. குறை எண்ணுக்கு வர்க்கமூலம் எடுக்க முடியாது, மெய்யான தீர்வு இல்லை என்று நோட்டில் எழுதி முடித்துவிடுவார்கள். தோப்பில் அதற்கு அர்த்தம், இந்த வேகத்தில் எறிந்தால் கல் எட்டாது என்பதுதான். தன்மைக்காட்டி மிகையென்றால் எட்டும், பூச்சியமென்றால் தொட்டுத் திரும்பும், குறையென்றால் எட்டாது. இதை ஒரு முறை தோப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டால் பிள்ளைகள் அந்தச் சூத்திரத்தை மறப்பதில்லை.

கல்லை நேராக மேலே எறியாமல் சாய்வாக எறிந்தால்? கணக்கு சிக்கலாகும் என்றுதான் தோன்றும். ஆகாது என்று காட்டியவர் கலிலியோ. முதுமையில் எழுதி 1638-இல் லெய்டன் நகரில் அச்சான புத்தகத்தில், பக்கவாட்டு ஓட்டத்தையும் மேல்கீழ் ஓட்டத்தையும் தனித்தனியாகப் பிரித்தார். பக்கவாட்டில் கல்லை இழுப்பவர் யாரும் இல்லை. அது சீரான வேகத்தில் போகும். மேல்கீழ் கணக்கு நாம் மாங்காய்க்குப் போட்டதேதான். இரண்டும் ஒன்றின் வேலையில் ஒன்று தலையிடுவதில்லை. இரண்டையும் சேர்த்து வரைந்தால் கிடைக்கும் வளைவுதான் பரவளையம். பத்தாம் வகுப்பில் கிராப் தாளில் வரைகிறோமே, அதே வளைவு.

இனித் திண்டுக்கல் மலைக்கோட்டைக்குப் போவோம். சின்னாளப்பட்டியில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்விடலாம். மதுரை நாயக்கர்கள் கட்டிய கோட்டை. 1755-இல் ஹைதர் அலி மைசூர் அரசின் பௌஜ்தாராக இங்கே வந்து, பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு ஆயுதச் சாலை அமைத்தார். இந்த மலையில் வெடிமருந்து வாசம் நெடுநாள் இருந்திருக்கிறது. எனக்குத் தெரிந்து எறிபொருள் கணக்கைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வகுப்பறை எங்கள் மாவட்டத்தில் இல்லை.

கணக்குக்காகக் கோட்டைச் சுவர் தரையிலிருந்து 80 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கிருந்து ஒரு குண்டு புறப்படுகிறது. அதன் மேல்நோக்கிய வேகம் விநாடிக்கு 30 மீட்டர், பக்கவாட்டு வேகம் 40 மீட்டர். பீரங்கிக்கு இது மிகக் குறைந்த வேகம்தான். எண்கள் கைக்குள் அடங்கவேண்டும் என்பதற்காக எடுத்தேன். குண்டு எப்போது தரையில் விழும்?

தரை என்பது சுவரிலிருந்து 80 மீட்டர் கீழே. ஆகவே 30நே − 5நே² = −80. ஐந்தால் வகுத்து ஒழுங்குபடுத்தினால் நே² − 6நே − 16 = 0. அதாவது (நே − 8)(நே + 2) = 0. விடை 8, −2. எட்டு விநாடியில் விழும். அதற்குள் பக்கவாட்டில் 8 × 40 = 320 மீட்டர் போயிருக்கும். பரீட்சைக்கு இவ்வளவு போதும். முழு மதிப்பெண் கிடைக்கும்.

அந்த −2 என்ன சொல்கிறது? வெடிப்பதற்கு இரண்டு விநாடி முன்னால் குண்டு தரையில் இருந்தது என்கிறது. குண்டோ அப்போது பீரங்கிக் குழலுக்குள் கிடந்தது. பிறகு ஏன் சமன்பாடு இப்படிச் சொல்லவேண்டும்? சமன்பாட்டுக்கு நாம் குண்டின் வேகத்தையும் உயரத்தையும் மட்டும்தான் கொடுத்தோம். கோட்டை இருக்கிறது, சுவர் இருக்கிறது, பீரங்கி இருக்கிறது என்று எதுவும் சொல்லவில்லை. அதனால் அது குண்டு போகும் பாதையைப் பின்பக்கமாகவும் நீட்டிப் பார்க்கிறது. கோட்டையே இல்லாமல், தரையிலிருந்து யாரோ அதை எறிந்திருந்தால், இந்த இடத்தை இதே வேகத்தில் கடந்து போக எப்போது எறிந்திருக்கவேண்டும்? இரண்டு விநாடி முன்னால். எவ்வளவு வேகத்தில்? மேல்நோக்கி 50 மீட்டர் வேகத்தில். சரிபாருங்கள்: இரண்டு விநாடியில் 100 மீட்டர் ஏறவேண்டும், 20 மீட்டர் விழுதலைக் கழித்தால் 80, அதுதான் சுவரின் உயரம். வேகமும் விநாடிக்குப் பத்து வீதம் குறைந்து 30-க்கு வந்திருக்கும். அதுதான் நாம் கொடுத்த வேகம்.

இன்னொன்றும் கிடைக்கிறது. மறுபக்கம் குண்டு தரையைத் தொடும்போது கீழ்நோக்கிய வேகம் எவ்வளவு? எட்டு விநாடியில் 80 குறையவேண்டும்; 30 − 80 = −50. ஏறியிருக்கவேண்டிய அதே 50. தள்ளுபடி செய்த −2 கையில் இருந்தால் இதைத் தனியாகக் கணக்கிடவே வேண்டாம். −2-க்கும் 8-க்கும் நட்டநடுவில் இருப்பது 3. அந்த மூன்றாவது விநாடியில்தான் குண்டு உச்சியில் இருக்கும். உச்சியைக் கண்டுபிடிக்க வேறு சூத்திரம் தேடுகிற பிள்ளைகளிடம் இதைக் காட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டும். அதற்காகவே இந்தத் தொழிலை இன்றும் விடாமல் இருக்கிறேன்.

எல்லா இரண்டாவது விடைக்கும் இப்படி ஒரு பொருள் உண்டு என்று நான் சொல்லவரவில்லை. இரண்டாம் பாஸ்கரர் 1150 வாக்கில் எழுதிய பீஜகணிதத்தில் ஒரு குரங்குக் கணக்கு இருக்கிறது. ஒரு குரங்குக் கூட்டம். அதில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து வர்க்கம் எடுத்தால் எத்தனையோ அத்தனை குரங்குகள் குகைக்குள் போய்விட்டன, ஒன்று மட்டும் கிளையில் இருக்கிறது. கூட்டத்தில் எத்தனை குரங்கு? கணக்குப் போட்டால் 50, 5 என்று இரண்டு விடை. இரண்டும் மிகை எண்கள்தான். ஆனால் ஐந்தை எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு ஒரு குரங்கு; அதிலிருந்து மூன்று குரங்குகளைக் கழிக்கவேண்டும். இல்லாத குரங்கை எப்படிக் கழிப்பது? ஆகவே அந்த விடை பொருந்தாது என்று பாஸ்கரர் விலக்கினார். அவர் செய்ததைக் கவனியுங்கள். முதலில் இரண்டையும் எழுதினார். கதையில் வைத்துப் பார்த்தார். பொருந்தாத காரணத்தைச் சொன்னார். பிறகுதான் விலக்கினார். என் பிள்ளைகள் செய்யவேண்டும் என்று நான் விரும்புவதும் இதைத்தான்.

இனி, இரண்டு விடைகளும் கையில் பந்தை வைத்திருப்பவன் முன்னால் வந்து நிற்கும் இடம். நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் டி.என்.பி.எல். ஆட்டங்கள் நடக்கத் தொடங்கியபின் எங்கள் பக்கத்துப் பையன்களுக்குக் கிரிக்கெட்டில் சொல்லிக்கொடுத்தால் எதுவும் ஏறும். ஒரு பீல்டர் பந்தை எடுத்துவிட்டான். கீப்பர் 32 மீட்டர் தூரத்தில் நிற்கிறார். பந்தை இவன் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிவான். எந்தச் சாய்வில் எறிந்தால் பந்து தரையில் படாமல், கைவிட்ட அதே உயரத்தில் கீப்பரின் கையில் போய் விழும்?

கோணத்துக்குப் பதிலாகச் சாய்வை எடுத்துக்கொள்வோம்: பக்கவாட்டு வேகத்தைப் போல் எத்தனை மடங்கு மேல்நோக்கிய வேகம் என்பதுதான் சாய்வு. அதை ‘சா’ என்போம். 45 பாகையில் சா = 1. பிதாகரஸ் தேற்றத்தின்படி, பக்கவாட்டு வேகத்தின் வர்க்கத்தை (1 + சா²) ஆல் பெருக்கினால் 400 வரவேண்டும். மேல்நோக்கிய வேகத்தை ஐந்தால் வகுத்தால் பந்து காற்றில் இருக்கும் நேரம். அதைப் பக்கவாட்டு வேகத்தால் பெருக்கினால் போகும் தூரம். எல்லாம் சேர்த்தால் தூரம் = 80சா ÷ (1 + சா²). இது 32 ஆகவேண்டும் என்றால் 2சா² − 5சா + 2 = 0. விடை சா = ½, சா = 2.

கோணத்தில் சொன்னால் ஏறக்குறைய 27 பாகை, 63 பாகை. இரண்டையும் கூட்டினால் 90. இது தற்செயல் இல்லை. சமதரையில் இந்தச் சமன்பாட்டின் இரண்டு மூலங்களையும் பெருக்கினால் எப்போதும் 1 வரும்; அப்படியென்றால் இரண்டு கோணங்களின் கூடுதல் எப்போதும் 90 பாகை. 30-க்கு 60, 20-க்கு 70 என்று ஒவ்வொரு தாழ்ந்த எறிக்கும் ஒரு உயர்ந்த ஜோடி உண்டு.

எதைத் தேர்ந்தெடுப்பது? தாழ எறிந்தால் பந்து 1.8 விநாடியில் போய்ச் சேரும். உயர எறிந்தால் 3.6 விநாடி. பேட்ஸ்மேன் ஒரு ரன்னை ஓடி முடிக்க மூன்று விநாடி போதும். ஆக, கணக்கில் சமமான இரண்டு விடைகளில் ஒன்று ரன் அவுட். மற்றது எதிரணிக்கு ரன். எந்தப் பீல்டரும் ½-ஐத்தான் எடுப்பான். ஆனால் கோட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் குண்டைப் போடவேண்டியவன் 2-ஐத்தான் எடுப்பான். தாழ்ந்த பாதை சுவரில் முட்டிவிடும். முற்றுகைக்குக் கொண்டுபோகும் மார்ட்டர் பீரங்கிகளின் குழல் குட்டையாக, வானத்தைப் பார்த்து இருப்பது இதனால்தான்.

கீப்பர் 40 மீட்டரில் நின்றால் சா² − 2சா + 1 = 0; ஒரே விடை 1, அதாவது 45 பாகை. 50 மீட்டரில் நின்றால் 5சா² − 8சா + 5 = 0; தன்மைக்காட்டி 64 − 100. எட்டாது. மாமரத்தில் பார்த்த மூன்று நிலைகளும் இங்கேயும் அதே வரிசையில் வருகின்றன. அதிக தூரத்துக்கு 45 பாகை என்பதை இத்தாலியரான தார்தாலியா கலிலியோவுக்கு நூறு வருடம் முன்பே, 1537-இல் சொல்லியிருந்தார். ஆனால் அவர் வரைந்த பாதை பரவளையம் இல்லை. இரண்டு மூலங்கள் ஒன்றாகும் இடம் என்ற காரணம் நம் சமன்பாட்டில்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

இவ்வளவும் சொன்னபின் ஒன்றை மறைத்தால் அது நேர்மை ஆகாது. நாம் காற்றைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. காற்று எவ்வளவு பெரிய கணக்கு என்று முதலில் அளந்து காட்டியவரின் கதை நம் தமிழ்நாட்டில்தான் முடிகிறது; அவர் பெயர் இங்கே பலருக்கும் தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

பெஞ்சமின் ராபின்ஸ், 1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தவர். துப்பாக்கிக் குண்டின் வேகத்தை அளக்க அவர் காலத்தில் கருவி இல்லை. கனமான ஒரு மரக்கட்டையை ஊசலாகத் தொங்கவிட்டு, அதன்மேல் சுட்டார். குண்டு கட்டைக்குள் புதைந்து, கட்டை பின்னால் ஆடியது. எவ்வளவு ஆடியது என்று அளந்து, அதிலிருந்து குண்டு வந்த வேகத்தைக் கணக்கிட்டார். துப்பாக்கிக் குண்டுகள் விநாடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் வேகத்தில் போவது தெரிந்தது. இந்த வேகத்தை நம் பரவளையக் கணக்கில் போட்டால் 45 பாகையில் குண்டு 25 கிலோமீட்டர் போகவேண்டும். அதாவது மலைக்கோட்டையில் சுட்டால் சின்னாளப்பட்டியைத் தாண்டி அதைப்போல இன்னொரு மடங்கு போய் விழவேண்டும். உண்மையில் அந்தக் குண்டுகள் ஒரு மைலைக்கூட எட்டுவதில்லை. கட்டையைத் தள்ளித்தள்ளி வைத்துச் சுட்டுப் பார்த்து, வேகம் வழியிலேயே எப்படிக் கரைகிறது என்பதையும் அளந்தார். 1742-இல் வந்த அவருடைய புத்தகத்தை மாபெரும் கணித மேதை ஆய்லரே 1745-இல் ஜெர்மனில் மொழிபெயர்த்து, தன் விளக்கங்களையும் சேர்த்து வெளியிட்டார்.

ராபின்ஸைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் செப்பனிடும் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் 1746-இல் பிடித்து, உடன்படிக்கைக்குப் பின் திருப்பிக் கொடுத்திருந்த நேரம் அது. 1750-இல் கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டைக்கு வந்து வரைபடங்கள் போட்டார். மறுவருடம், 1751 ஜூலை 29 அன்று, அங்கேயே காய்ச்சலில் இறந்தார். அந்தக் கோட்டையை 1758-இல் பிரெஞ்சுப் படை பிடித்துத் தகர்த்துவிட்டது. கடலூர் பக்கம் கணக்கு நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், எறிபொருள் பாடத்தன்று இவர் பெயரை வகுப்பில் ஒருமுறை சொல்லுங்கள்.

காற்றைச் சேர்த்தால் இருபடி நின்றுவிடுகிறது. இறங்கும் பாதை ஏறிய பாதையைவிடச் செங்குத்தாகிறது. அதிக தூரத்துக்கான கோணம் 45-ஐவிடக் குறைகிறது. ஏறும் நேரத்தைவிட இறங்கும் நேரம் கூடுகிறது. ஆனால் கையால் எறியும் கல்லுக்குக் காற்றின் தடை மிகச் சிறிது. பள்ளிக்கூடக் கணக்கை நம்பலாம்.

வீட்டிலேயே சரிபார்க்கவும் முடியும். ஒரு கிரிக்கெட் பந்தை நேராக மேலே எறிந்து அதே உயரத்தில் பிடியுங்கள்; வேறொருவர் செல்போனில் நேரம் பார்க்கட்டும். அந்த நேரத்தில் பாதியை எடுத்து, வர்க்கமாக்கி, ஐந்தால் பெருக்குங்கள். பந்து எத்தனை மீட்டர் ஏறியது என்பது கிடைத்துவிடும். இரண்டு விநாடி என்றால் 5 மீட்டர். மூன்று விநாடி என்றால் நம் மாங்காய்க் கல் ஏறிய 11.25 மீட்டர். பிறகு அதையே வீடியோ எடுத்து, மெதுவாக ஓட்டி, ஏற எடுத்த நேரத்தையும் இறங்க எடுத்த நேரத்தையும் பிள்ளைகளைத் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள். பந்தில் இரண்டும் ஏறக்குறையச் சமமாக வரும். அடுத்து இறகுப்பந்தை மட்டையால் மேலே அடித்து அதே மாதிரி அளக்கட்டும். விருட்டென்று ஏறும், இறங்கத்தான் நேரமெடுக்கும். ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ராபின்ஸ் கதையை அப்போது சொல்லலாம்.